இரக்கம் வேண்டாம், இடம் வேண்டும்!

சாரம் சரிகிறது; செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த தோழர் கீழே விழுகிறார். தென்னை உச்சியிலே கால் வழுக்குகிறது. காய் பறிக்கப் போனவர் வரப்பிலே கிடக்கிறார். மருத்துவமனையிலே உயிரைக் காப்பாற்றிவிடுகிறார்கள். ஆனால் முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் சிதைந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. நேற்றுவரை நாலு பேருக்குச் சோறு போட்ட உழைப்பாளி, இன்று கட்டிலிலே!

அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? அதைத்தான் இன்று தோழர்களிடம் பேச விரும்புகிறோம்.

ஊரார் வருகிறார்கள். "ஐயோ பாவம்" என்கிறார்கள். "எந்தப் பிறவியில் செய்த வினையோ" என்கிறார்கள். "இனி இவன் எங்கே எழுந்திருக்கப் போகிறான்" என்று அவர் காதில் விழும்படியே பேசிவிட்டுப் போகிறார்கள். பத்து நாள் வருகிறார்கள். பதினோராம் நாள் வாசலில் ஆள் இல்லை!

வினையாம், விதியாம்! சாரத்துக் கயிறு இற்றுப்போனதற்கு முற்பிறவியா காரணம்? புதுக் கயிறு வாங்கிக் கொடுக்காத ஒப்பந்தக்காரர் அல்லவா காரணம்! விதியென்று சொல்லிவிட்டால் ஒப்பந்தக்காரருக்கும் பொறுப்பில்லை, ஊருக்கும் பொறுப்பில்லை. எவ்வளவு வசதியான தத்துவம்!

எலும்பு ஒரு முறைதான் முறிந்தது. மனத்தையோ நாள்தோறும் முறிக்கிறார்கள்.

தண்டுவடப் பாதிப்புடன் வாழ்வோர் உலகில் 1.5 கோடிக்கும் மேல் என்று 2024ஆம் ஆண்டு கணக்கு வெளியிட்டது உலக சுகாதார நிறுவனம். இவர்களில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேர் வரை கடும் மனச்சோர்வின் அறிகுறிகளோடு இருக்கிறார்கள் என்று அதே நிறுவனம் 2013இல் மதிப்பிட்டது. அவர்களுக்கு மருத்துவமும் துணையும் தேவை. காலம் தாழ்த்தக் கூடாது. ஆனால் மற்றவர்கள்? பெரும்பாலோர் அந்தப் படுகுழியில் விழவில்லை என்பதல்லவா அந்தக் கணக்கின் பொருள்!

1978இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு பக்கம், பரிசுச் சீட்டில் பெருந்தொகை விழுந்த 22 பேர். மறு பக்கம், விபத்தில் கைகால் முடங்கிய 29 பேர். பணம் குவிந்தவர்கள் சாதாரண மக்களைவிட அப்படியொன்றும் அதிகமாக மகிழ்ந்திருக்கவில்லை. முடங்கியவர்களோ, மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாக மகிழ்ந்திருந்தாலும், ஊரார் நினைப்பதுபோல் துயரக் கடலில் மூழ்கிக் கிடக்கவில்லை. மனித மனம் அவ்வளவு உரம் படைத்தது, தோழர்களே! வாய்ப்பு இருந்தால் அது எழுந்துகொள்ளும்.

வாய்ப்பு மறுக்கப்பட்டால் என்ன ஆகும்? 1917இல் ஜெர்மனியின் நிலக்கரிச் சீமையான சிலேசியாவில் நடந்ததைக் கேளுங்கள். முதுகு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். "சில வாரத்தில் போய்விடுவான்" என்று தீர்ப்பளித்துவிட்டார்கள். ஐந்து வாரத்தில் இறந்தார். கொன்றது நோய்த்தொற்று. அதற்கு வழிவிட்டது அந்தத் தீர்ப்பு!

அங்கே ஊழியம் செய்துகொண்டிருந்த இளைஞர் லுட்விக் குட்மன் அதை மறக்கவில்லை. பிறப்பால் யூதரான அவர், மருத்துவராகி, இட்லர் ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்து சேர்ந்தார். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணிக்கு ஒரு முறை, இரவும் பகலும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தார். படுக்கைப் புண் பின்வாங்கியது. அதோடு விட்டாரா? தச்சு வேலை கொடுத்தார், கடிகாரம் பழுதுபார்க்கப் பழக்கினார், பந்தும் வில்லும் கையிலே கொடுத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்து 16 பேர் வில்லெடுத்தார்கள். 1960இல் ரோம் நகரில் 23 நாடுகளின் வீரர்கள் திரண்டார்கள். பாராலிம்பிக் பிறந்த கதை இதுதான்.

அது வெள்ளைக்காரன் நாடு என்பீர்களோ? நம் வேலூரைப் பாருங்கள். 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தவர் மருத்துவர் மேரி வர்கீஸ். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். அமெரிக்கா சென்று பயின்று திரும்பி, 1963இல் வேலூர் மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியைப் பாருங்கள். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த பொறியியல் மாணவர் ராமகிருஷ்ணன், 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பரிதாபத்துக்கு உரியவர் என்று ஊர் நினைத்திருக்கக்கூடிய அவர், மாற்றுத்திறனாளிகள் பலருக்கு வாழ்வளித்தார்.

இவர்களெல்லாம் படித்தவர்கள், சாரத்திலிருந்து விழுந்தவருக்கு என்ன வழி என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணியிலிருக்கும்போது உடல் ஊனமுற்ற ஊழியரை நீக்கக் கூடாது, பழைய வேலைக்குத் தகுதி இல்லையென்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்தப் பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலிக்குப் போனவரை அது எட்டவில்லை. எட்டும்படி செய்யப் போராடுவது தொழிற்சங்கத்தின் கடமை.

சட்டம் வரும்வரை நாம் கைகட்டி நிற்பதா? வீட்டுக் கழிப்பறைக் கதவிலே சக்கர நாற்காலி நுழையவில்லை. கொத்தனார் தோழரே, அந்தச் சுவரை இடித்து அகலமாக்க உமக்கு எத்தனை மணி நேரம் ஆகும்? படிப்பகத்து வாசலிலே மூன்று படி. ஒரு மூட்டை சிமெண்டில் சரிவுப் பாதை அமைக்க முடியாதா? சங்கக் கணக்கெழுத ஆள் வேண்டுமே, அவர் கைகள் நன்றாகத்தானே இருக்கின்றன? அவர் மனைவியைத் தெய்வம் என்று புகழ்ந்துவிட்டு, இரவு முழுதும் அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் வேலையை அந்த அம்மையார் ஒருவர் தலையிலேயே சுமத்துவது என்ன நியாயம்?

தோழர்களே! அவரைப் பார்க்கப் போகும்போது ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போவதைவிட, சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைக் கொண்டுபோங்கள். அவர் கருத்தைக் கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் வாதாடுங்கள்! அடுத்த கூட்டத்துக்கு அவரை அழைத்து வாருங்கள்.

அவர் இரக்கம் கேட்கவில்லை. நம் வரிசையில் தமக்குரிய இடத்தைக் கேட்கிறார். அந்த இடத்தை அவருக்குக் கொடுப்போம்!