ஆட்டம் பார்க்கப் போகலாம், வீடு திரும்ப பஸ் எங்கே?



என் மகள் ஆயர் குரோ பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். அங்கே பெண்கள் கூடைப்பந்துக் குழுவில் ஆடுகிறாள். அண்மையில் கோலாலம்பூரில் அவர்களுக்கு ஓர் ஆட்டம். ஆடுகிற பிள்ளைகளுக்குக் கல்லூரி வேன் கொடுத்தது. பார்க்கப் போன கூட்டாளிகளும் எங்களைப் போன்ற பெற்றோரும் ரயிலில் போனோம். திரும்பி வந்து புலாவ் செபாங் நிலையத்தில் இறங்கியபோது, மலாக்கா டவுனுக்குப் போகும் கடைசி பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. கைப்பேசியில் கார் கூப்பிட்டுப் பார்த்தோம். அந்த நேரத்தில் அங்கே வர ஆளில்லை. பத்தொன்பது, இருபது வயதுப் பெண் பிள்ளைகள் நள்ளிரவில் நிலைய வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுவாரம் சம்பந்தப்பட்ட அலுவலகம் ஒன்றில் விசாரித்தேன். "அது உங்கள் சொந்தப் பயணம், வாடகை பஸ் எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே" என்றார் ஓர் அதிகாரி. அந்தப் பதிலை எதிர்த்துத்தான் இந்தக் கடிதம்.

ரயில் இல்லாமல் நாங்கள் தவிக்கவில்லை. 2015 முதல் கொமுட்டர் ரயில் புலாவ் செபாங் வரை வருகிறது. பத்துமலையில் ஏறினால் வண்டி மாறாமல் இங்கே வந்து இறங்கலாம். ஈ.டி.எஸ். ரயிலும் நிற்கிறது. பெயர்ப் பலகையில் பக்கத்து மாநிலத்துத் தம்பினும் சேர்ந்திருந்தாலும் நிலையம் இருப்பது மலாக்கா மாநிலத்தில். ஆனால் அங்கிருந்து டவுனுக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். பகலில் எப்படியோ சமாளிக்கலாம். இரவு ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

ஒரு காலத்தில் டவுன் வரைக்கும் தண்டவாளம் இருந்தது. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஓடிய அந்தக் கிளைப் பாதையை ஜப்பானியர் ஆட்சியில் பெயர்த்து, சயாம் மரண ரயில் போடக் கொண்டுபோனார்கள். அதே ரயில் பாதைக்குத்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்களையும் பல்லாயிரக்கணக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போன ஆட்களில் ஒரு பகுதியாவது உயிரோடு திரும்பியது. தண்டவாளம் திரும்பவே இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு எத்தனை ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்து போயின! கோலாலம்பூர் - சிங்கப்பூர் அதிவேக ரயில் ஆயர் குரோவில் நிற்கும் என்று ஆசை காட்டினார்கள். 2021 ஜனவரி முதல் நாள் அந்த ஒப்பந்தமும் முடிந்துபோனது என்று அறிவித்துவிட்டார்கள். 2010-இல் ஆற்றோரம் திறந்த மோனோரயிலைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. திறந்த வேகத்தில் பழுதாகி நின்ற கதையை மலாக்காக்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

சரி, வாடகை பஸ்ஸுக்கு வருவோம். கல்லூரிப் பிள்ளைகள் காசு சேர்த்து பஸ் எடுத்தால், யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவர் வண்டியைத்தான் எடுப்பார்கள். 2025 ஜூன் 9-ஆம் தேதி அதிகாலை கிரிக் அருகே வாடகை பஸ் கவிழ்ந்து உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்ததை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா? அந்த பஸ் நிறுவனம் தன் உரிமத்தை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது பிறகு விசாரணையில் தெரிந்தது. பஸ்ஸுக்கு வெளியே நின்று பார்க்கும் ஒரு மாணவிக்கு, உரிமம் யாருடையது, ஓட்டுநர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று எப்படித் தெரியும்? இதையெல்லாம் பார்க்க வேண்டிய அரசாங்கமே "வாடகை பஸ் எடு" என்று கையைக் கழுவலாமா?

வாடகை பஸ் கிடைக்காத பையன்கள் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுகிறார்கள். இந்த நாட்டில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாலையில் சாகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ராத்திரி ஒரு மணிக்கு நெடுஞ்சாலையில் மகன் வந்துகொண்டிருக்கிறான் என்றால் எந்தத் தாய்க்குத் தூக்கம் வரும்?

"ஆட்டம் பார்க்காவிட்டால் என்ன கெட்டுப்போகிறது?" என்று கேட்பவர்களும் உண்டு, நம் ஆட்களிலேயே. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். தோட்டக் குழு வெளியூருக்குப் பந்து விளையாடப் போனால் லாரி நிறைய ஆதரவாளர்களும் போவார்கள். சமயத்தில் ஆட்டக்காரரைவிடக் கத்துகிறவர்கள்தான் அதிகம். இப்போது தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கு வந்துவிட்டோம், லாரி போய்விட்டது. கூடைப்பந்தில் நம் பெண்கள் குறைவு. என் மகள் குழுவில் பெரும்பாலும் சீனப் பிள்ளைகள். அவர்களுடைய பெற்றோர் காரில் வந்து உட்கார்ந்து கை தட்டுகிறார்கள். காரில்லாத வீட்டுப் பிள்ளை பந்தைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அவளுக்காக எழுந்து நிற்க ஒருவராவது இருக்க வேண்டாமா? 2024-ஐ மலாக்காவுக்கு வருகை தரும் ஆண்டு என்று கொண்டாடினோமே. வருகிறவர்களுக்கு விழா எடுத்த மாநிலம், உள்ளூர்க்காரன் போய்விட்டு வர ஒரு பஸ் விடக் கூடாதா?

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. தைப்பூசத்துக்கு விடிய விடிய கொமுட்டர் ஓட்டுகிறார்களே! மனசு வைத்தால் நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் மட்டுமாவது கடைசி ரயில் வரும்வரை ஒரு பஸ் புலாவ் செபாங்கில் காத்திருக்கட்டும். ரயில் தாமதமானால் பஸ்ஸும் தாமதமாகட்டும். அலோர் காஜா, டுரியான் துங்கல் வழியாக ஆயர் குரோவைத் தொட்டு மலாக்கா சென்ட்ரல் போனால், வழியில் உள்ள தோட்டத்து ஆட்களுக்கும் வேலை முடிந்து வரும் தொழிலாளர்களுக்கும் சேர்த்தே உதவும். கட்டணம் போடுங்கள், கொடுக்கிறோம். அந்த பஸ் வரும்வரை, போட்டி ஏற்பாட்டாளர்கள் வெளிமாநிலக் கல்லூரிகளின் ஆட்டங்களைப் பிற்பகலிலேயே வைக்கட்டும்.

மாநிலப் போக்குவரத்துக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினர் இதற்கு உங்கள் நாளிதழ் வழியாகவே பதில் தர வேண்டும். அடுத்த சுற்று ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்பே தந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரியின் தகப்பன்,
டுரியான் துங்கல், மலாக்கா.