எலிகளும் நோட்டீசும்

காம்யுவின் 'கொள்ளைநோய்' பற்றிப் பேச்சு வந்தால் நம் நண்பர்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நோய் என்றால் நாஜிகள். ஓரான் நகரம் என்றால் ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்ஸ். சமன்பாடு போட்டாயிற்று, இனி வாசிக்க ஒன்றுமில்லை. நாவல் என்ன விடுகதையா, விடை தெரிந்ததும் மூடி வைப்பதற்கு?

சமன்பாடு பொய் என்று நான் சொல்லவில்லை. 1942 நவம்பரில் ஜெர்மன் படை தென்பிரான்ஸிலும் நுழைந்தபோது, க்ஷயரோக சிகிச்சைக்காக அங்கே மலைப்பிரதேசத்தில் தங்கியிருந்த காம்யு, ஓரானிலிருந்த மனைவியிடமிருந்து துண்டிக்கப்பட்டார். 1947இல் வெளிவந்த நாவல் முழுக்க அந்தப் பிரிவு இருக்கிறது. ஆனால் 1955இல் ரோலான் பார்த் ஆட்சேபம் எழுப்பினார்: கொடுமையைக் கிருமியாக்கியதால் நாவல் சரித்திரத்தை விட்டு ஒழுக்கத்துக்குள் ஒதுங்கிவிட்டது என்று. எதிரி யாரென்று ஐரோப்பா முழுக்க அடையாளம் கண்டுகொண்டதே என்றார் காம்யு. பலவீனமான பதில். அவருடைய நாவல் அவரைவிட நன்றாகப் பதில் சொல்கிறது.

நாவலில் எலிகளைவிட முக்கியம் ஆபீஸ். நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூசும் டாக்டர்களின் கூட்டம். யார் கண்ணிலும் படாத மூலைகளில் ஒட்டப்படும் சின்ன நோட்டீஸ். முகாமாக மாற்றப்படும் விளையாட்டு மைதானம். ராத்திரியில் பிணங்களை ஏற்றிச் செல்லும் டிராம். இதையெல்லாம் செய்தது கிருமி அல்ல; ஊர்க்காரர்கள், உத்தரவுப்படி.

1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் சுமார் 13,000 யூதர்களைக் கைது செய்தது ஜெர்மன் படை அல்ல, பிரஞ்சுப் போலீஸ். குழந்தைகளோடு குடும்பங்களை நாட்கணக்கில் அடைத்து வைத்த இடம் ஒரு சைக்கிள் பந்தய அரங்கம். இதில் பிரான்ஸின் பொறுப்பை ஒரு ஜனாதிபதி ஒப்புக்கொள்ள 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நோய் வெளியிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்வதில் எவ்வளவு சௌகரியம்! நம் சமன்பாடும் அந்தச் சௌகரியத்தைத்தான் தருகிறது.

இதே அளவுகோலைக் காம்யுவின் மேலும் வைத்தாக வேண்டும். அராபியர்களின் வாழ்க்கை நிலை பற்றி எழுதத்தான் பத்திரிகையாளன் ராம்பேர் ஓரானுக்கு வருகிறான். உண்மையை முழுக்க எழுத முடியுமா என்று கேட்கிறார் டாக்டர் ரியூ. முழுக்க முடியாது என்று தெரிந்ததும் தகவல் தர மறுத்துவிடுகிறார். அதோடு சரி, அந்தப் பேச்சே பிறகு இல்லை. ஓர் அல்ஜீரிய நகரம் செத்து மடிகிறது, பெயருள்ள ஓர் அராபியன்கூட அதில் சாகவில்லை.

1945 மே 8, ஜெர்மனி சரணடைந்ததைக் கொண்டாடிய நாள். அல்ஜீரியாவின் செத்தீஃப் நகரில் சுதந்திரக் கொடி பிடித்த ஊர்வலத்தின்மீது போலீஸ் சுட்டது. தொடர்ந்த கலவரத்தில் சுமார் நூறு ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழியாக பிரஞ்சு ராணுவமும் குடியேறிகளும் கொன்ற அல்ஜீரியர்கள் ஆயிரக்கணக்கில். காம்யு அறியாதவர் அல்ல. அதே மாதம் 'கோம்பா' பத்திரிகையில் அல்ஜீரியாவின் பசியையும் அநீதியையும் எழுதினார். பத்திரிகையாளர் எழுதியதை நாவலாசிரியர் விட்டுவிட்டார்.

இதனால் நாவல் சிறுத்துவிடவில்லை. பிறர் கண்மூடியதைக் கண்டவருக்கும் மூடிய கண் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். ரியூ ராம்பேரிடம் கேட்டதைக் காம்யுவிடம் கேட்க வேண்டியவர்கள் அவர்மேல் பிரியமுள்ளவர்களே. கேட்காமல் எழுதப்படும் விமர்சனமும் மூலையில் ஒட்டிய அந்தச் சின்ன நோட்டீஸ்தான்.