லோரி எஞ்சினைத் திறப்பது எங்கே? பட்டறையிலா, வீட்டு வாசலிலா?



சில மாதங்களுக்கு முன்பு என் வகுப்பு மாணவன் ஒருவன் தொடர்ந்து நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று எண்ணி, மாலையில் புக்கிட் செந்தோசாவில் உள்ள அவன் வீட்டுக்குச் சென்றேன். வாசலில் லோரியின் முன்பகுதி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எஞ்சினின் சிலிண்டர் ஹெட் ஒரு சாக்கின்மேல் கிடந்தது. தந்தை வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். மகன் ஸ்பேனர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"பட்டறையில் கேட்கிற பணத்துக்கு நான் எங்கே போவேன், சார்? சாமானை வாங்கி நானே மாட்டிவிடுவேன். தோட்டத்தில் பார்த்துப் பழகிய வேலைதானே" என்றார் தந்தை.

அவர் சொன்னதில் பொய்யில்லை. வட சிலாங்கூர்த் தோட்டங்களில் வளர்ந்த ஒரு தலைமுறை, சான்றிதழ் எதுவும் இல்லாமல், டிராக்டரையும் லோரியையும் கழற்றிப் பூட்டியே தொழில் கற்றது. அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். அவருடைய அவசரமும் எனக்குப் புரிகிறது. அறுத்த செம்பனைக் குலைகளை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்ப்பதே நல்லது. தாமதமானால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் குறையும். ஆகவே குலை ஏற்றும் லோரி நின்றுவிட்டால் தோட்டம் காத்திருக்காது. வேறொரு லோரியை அழைத்துக்கொள்ளும். லோரி நிற்கும் ஒவ்வொரு நாளும் குடும்பத்தின் அடுப்பைத் தொடுகிறது.

ஆயினும், எஞ்சினை முழுமையாகப் பிரித்துச் செய்யும் பெரிய வேலையை வீட்டு வாசலில் செய்யலாமா என்ற கேள்விக்கு, "கைப்பழக்கம் இருந்தால் செய்யலாம்" என்ற விடை போதாது என்பது என் கருத்து. எஞ்சினைக் கழற்றத் தெரிந்தவர் பலர். அளக்கத் தெரிந்தவர் சிலரே. எங்கே செய்வது என்பதை முடிவு செய்ய வேண்டியது இந்த அளவைதான்.

அளவு என்பது என்ன?

கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்தான். அந்த இடைவெளியில் எண்ணெய்ப் படலம் நிற்க வேண்டும். ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் அதைக் கடைந்து, 0.25 மில்லிமீட்டரோ 0.50 மில்லிமீட்டரோ குறைத்து, அதற்கேற்ற பேரிங்கைப் பொருத்த வேண்டும். தேய்மானத்தைக் கண்ணால் காண இயலாது. மைக்ரோமீட்டரால் அளந்தே அறிய வேண்டும். சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்திருக்கிறதா என்பதும் அப்படித்தான். ஹெட்டின் போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் குறித்த வரிசையில், குறித்த முறுக்கு விசையில் இறுக்க வேண்டும். "நல்லா டைட் பண்ணியாச்சு" என்பது அளவாகாது.

எரிபொருள் அமைப்பின் கதை வேறு. பழைய டீசல் பம்புகளைப் பழகிய கைகள் ஓரளவு சமாளித்தன. 1995-இல் ஜப்பானில் ஹினோ ரேஞ்சர் லோரியில் காமன் ரயில் முறை வணிக அளவில் வந்தது. இன்று அந்த முறையில் டீசல் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. அதில் கசிவைக் கையால் தடவிப் பார்த்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். இன்ஜெக்டரைச் சோதிக்கத் தனிக் கருவி வேண்டும். அது வீட்டு வாசலில் கிடைக்காது.

அந்தத் தந்தைக்கு நேர்ந்ததும் இதுதான். ஷாஃப்டை அளக்காமலேயே புதிய பேரிங்கைப் போட்டார். மூன்று வாரத்தில் எண்ணெய் அழுத்தம் இறங்கியது. எஞ்சின் மீண்டும் திறக்கப்பட்டது. முதலில் மிச்சப்படுத்திய கூலியும் போயிற்று. வாங்கிய சாமானும் வீணாயிற்று.

பட்டறை மட்டும் யோக்கியமா?

இப்படிச் சொல்வதால் பட்டறைக்காரர் எல்லாரும் உத்தமர் என்று பொருளாகாது. என் உறவினர் ஒருவர் முழு வேலைக்குப் பணம் கட்டினார். பின்னர் வேறோர் இடத்தில் திறந்து பார்த்தபோது, மாற்றியதாகச் சொன்ன ரிங்குகள் பழையனவாகவே இருந்தன. நம் மக்கள் பட்டறையை அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. ஆனால் ஏமாற்றத்துக்கு மருந்து, கேள்வி கேட்பதுதான். வேலைக்கு முன்பே கூலி, சாமான், கடைசல் என்று பிரித்து எழுதிய மதிப்பீடு கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். அளந்த எண்களை எழுத்தில் வாங்குங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம், எவற்றுக்கு என்று கேளுங்கள். இவற்றுக்கு முகம் சுளிக்கும் பட்டறையை விட்டு அடுத்ததைத் தேடுங்கள்.

ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். ரேடியேட்டர், குழாய்கள், பெல்ட், வடிகட்டிகள், துடைத்துச் சுத்தம் செய்தல் ஆகியவற்றை அனுபவம் உள்ளவர் தாமே செய்யலாம். ஷாஃப்ட், பிளாக், ஹெட் ஆகியவற்றைக் கடைசல் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். பம்பும் இன்ஜெக்டரும் அதற்கென்றே உள்ளவரிடம் போக வேண்டும். சங்கிலிக் கப்பியும் உறுதியான தாங்கிகளும் இல்லாத இடத்தில் எஞ்சினை இறக்கவே கூடாது. நடுத்தர லோரி எஞ்சினின் எடை பல நூறு கிலோ. அதன் அருகில் பத்து வயதுப் பிள்ளைக்கு வேலையில்லை.

பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு 'ஹாஃப் கட்' எஞ்சின் போட நினைப்போர்க்கும் ஒரு சொல். எஞ்சின் எண் மாறினால் பரிசோதனையும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலும் தேவை. சரக்கு லோரிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்ல வேண்டியவை. வாசலில் மறைத்த குறை அங்கே புகையாக வெளிப்படும்.

கால்வாய்க்குப் போகும் எண்ணெய்

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கழித்த எஞ்சின் எண்ணெய், 2005-ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி அட்டவணையிடப்பட்ட கழிவு. அன்று அந்த வாசலில் அது கால்வாயை நோக்கி வழிந்ததைப் பார்த்தேன். 2020 செப்டம்பரில் ரவாங்கின் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்து, சிலாங்கூர் ஆற்றின் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குக் குடிநீர் தடைப்பட்டது. கனரக இயந்திரங்களைப் பராமரிக்கும் தொழிற்சாலை ஒன்றிலிருந்தே அக்கழிவு வந்ததாக அதிகாரிகள் தெரிவித்தனர். ஒரு வாளி எண்ணெய் அவ்வளவு செய்யாது என்பது உண்மை. ஆனால் அதுவும் அதே ஆற்றை நோக்கித்தான் ஓடுகிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

அந்த மாணவன் வராத நான்கு நாளில் நான் வகுப்பில் நடத்தியது தசம எண்கள். 0.25-க்கும் 0.5-க்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த வேளையில், அவன் அதே எண்கள் அச்சிட்ட பேரிங் பெட்டியைத் தந்தையிடம் நீட்டிக்கொண்டிருந்தான். அதைப் பின்னர் அறிந்தபோது எனக்கு அவன் தந்தைமீது கோபம் வரவில்லை. என் பாடத்தின்மீதே சற்று வெட்கம் வந்தது. அந்த எண்களுக்கும் அவன் வீட்டு லோரிக்கும் உள்ள உறவை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

எஞ்சின் வேலையில் ஆர்வமுள்ள பிள்ளையைப் "படிப்பு வராதவன்" என்று ஒதுக்குவதை நாம் நிறுத்த வேண்டும். 2006-ஆம் ஆண்டின் தேசியத் தொழில்திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் (எஸ்.கே.எம்.) படிப்படியாக டிப்ளோமா வரை செல்கிறது. பல்லாண்டு அனுபவம் உள்ள பெரியவர்கள்கூட, முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறையில் தங்கள் வேலையைச் சான்றுகளோடு காட்டி அதைப் பெறலாம். தோட்டத்தில் பழகிய கைக்கும் அங்கே மதிப்புண்டு. அந்தத் தந்தையிடம் இதைச் சொன்னேன். "இந்த வயசிலா, சார்?" என்று சிரித்தார், ஆனால் பாரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டார்.

பெற்றோர்களே, லோரி நின்றால் ஒரு வார வருமானம் போகும், அதை ஈட்டிவிடலாம். பிள்ளையின் பள்ளி நாள் போனால் அதை யார் ஈடுசெய்வது? அவனுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. சனி ஞாயிறில் கற்றுக்கொடுங்கள். மற்ற நாள்களில் எங்களிடம் அனுப்புங்கள், அளக்கக் கற்றுக்கொடுக்கிறோம்.