ஓடக்காரி எங்கே போனாள்?

மண்டைக்காட்டுக் கடப்புறத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஐம்பது ஆண்டுக்கு மேல் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் கடலோடு மல்லுக்கட்டியவர். எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டுமே தெரிந்தவர். 2023-ஆம் ஆண்டு மே மாதம் ஊர்க்காரர்கள் வேன் பிடித்து நாகர்கோவிலுக்குப் போய்ப் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் பார்த்துவிட்டுத் திரும்பினோம். கோயில் தெருக்காரரும் வந்தார்கள், கடப்புறத்துக்காரரும் வந்தார்கள். 1982-இல் இந்த ஊரின் பெயர் எதற்காக ஏடுகளில் அடிபட்டது என்பதை நாடறியும். ஆகவே ஒரே வேனில் போனோம் என்பதை நான் சாதாரணச் செய்தியாக எழுதவில்லை.

வழியெல்லாம் படப் பேச்சுத்தான். குதிரையை ஒருவர் புகழ்ந்தார், கப்பலை ஒருவர் புகழ்ந்தார், பாட்டை ஒருவர் முணுமுணுத்தார். பெரியவர் மட்டும் வாய் திறக்கவில்லை. இறங்கும்போது என் தோளைத் தொட்டுக் கேட்டார்:

"எல்லாஞ் செரி மக்கா, அந்த ஓடக்காரி எங்க போனா?"

தோழர்களே, பெரிய பெரிய விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் அவர்களில் எத்தனை பேர்?

யார் அந்த ஓடக்காரி? பூங்குழலி! கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்துக் காவலர் மகள். இருட்டில் தன்னந்தனியே துடுப்புப் போட்டு ஈழக்கரை போய்வரும் பெண். வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டு சேர்த்தவள் அவள். கொந்தளித்த கடலில் மிதந்த இளவரசனையும் அவன் தோழனையும் மீட்டவள் அவள். காய்ச்சலில் நினைவிழந்து கிடந்த அருள்மொழிவர்மனை நாகைச் சூடாமணி விகாரம் வரை படகில் கொண்டுபோய்ச் சேர்த்தவளும் அவளே. அந்தப் பயணத்தில் அவளுக்குத் துணை நின்றவன் சேந்தன் அமுதன். தஞ்சைத் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூக் கட்டிக் கொடுப்பவன். வழிப்போக்கன் ஒருவனுக்கு இடம் கொடுத்த குற்றத்துக்காகப் பாதாளச் சிறை கண்டவன்.

கல்கி எழுதிய கதையின் உச்சி எது? நந்தினியின் பழியா? கடம்பூர் மாளிகைக் கொலையா? இல்லை. நாடே அருள்மொழிக்கு முடிசூட்டத் திரண்டு நிற்கும் நாளில், அவன் அந்த மகுடத்தை எடுத்துப் பூக்காரன் சேந்தன் அமுதன் தலையில் வைக்கிறானே, அதுதான் உச்சி! ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாகச் சிகரம்' என்று பெயர் வந்ததே அதனால்தான். பூக்காரன் உத்தம சோழனாகிறான். அவனை மணந்த ஓடக்காரி சோழ நாட்டின் அரசியாகிறாள்.

படத்தில் என்ன ஆயிற்று? மகுடம் அரண்மனையிலேயே வளர்ந்த மதுராந்தகன் தலைக்குப் போயிற்று. பூக்காரன் பூக்காரனாகவே நின்றான். ஓடக்காரி ஓடத்தோடு நின்றாள்.

இது சிறு மாற்றமா? பெரியவருக்குச் சிறியதாகப் படவில்லை. எனக்கும் படவில்லை.

கதை வந்த காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 'கல்கி' இதழில் 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை, கிழமைதோறும், மூன்றரை ஆண்டுக்கும் மேலாக அது வந்தது. மணியம் படம் வரைந்தார். படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் அது. அப்போது நம் குமரி மண் தமிழ்நாட்டில் இல்லை. திருவிதாங்கூர்-கொச்சியில் கிடந்தது. தொடர்கதை முடிந்த மூன்றாம் மாதம், 1954 ஆகஸ்டு 11 அன்று, தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்ட குற்றத்துக்காக மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நம்மவர் மீது குண்டு பாய்ந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் சேர்ந்தோம். அந்நாளில் இங்கே ஒருவன் தமிழ் இதழைக் கையில் வைத்திருப்பதே ஓர் அறிக்கை! அந்த இதழின் வழியாக வந்த கதையைப் பொழுதுபோக்கு என்று மட்டும் எப்படிச் சொல்வது?

கல்கி நம்மவர்களின் அணியைச் சேர்ந்தவர் அல்லர், காங்கிரசுக்காரர். ஆயினும் அண்ணாவின் 'ஓர் இரவு' நாடகத்தைப் பார்த்துவிட்டு, பெர்னாட்ஷாவோடு ஒப்பிட்டு மனந்திறந்து பாராட்டியவர் அவர். மாற்று முகாமில் நல்லதைக் கண்டால் சொல்லிவிடும் பெருந்தன்மை அவருக்கு இருந்தது. அவர் கதையைப் பற்றிப் பேசும்போது அது நமக்கும் இருக்கட்டும்.

திரைக்கு அதைக் கொண்டுவர முதலில் துணிந்தவர் எம்.ஜி.ஆர். 1958-இல் 10,000 ரூபாய் கொடுத்து உரிமை வாங்கினார். வைஜயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி, ஜெமினி, பாலையா, நம்பியார் என்று பெரும்படையே திரட்டினார். விபத்தில் அடிபட்டார், வேலை நின்றது. உடம்பு தேறியது, படம் தேறவில்லை. நான்கு ஆண்டு கழித்து உரிமையைப் புதுப்பித்தும் பயனில்லை. திரைக்கதை எழுத அவர் அழைத்து வந்த இளைஞர்தாம் பின்னாளில் 'உதிரிப்பூக்கள்' தந்த மகேந்திரன்.

அதே 1958-இல் எம்.ஜி.ஆர். தன் கைப்பொருளைக் கொட்டி எடுத்த படம் என்ன? 'நாடோடி மன்னன்'! குடிமகன் ஒருவன் அரியணையில் அமர்ந்து ஏழைகளுக்காகச் சட்டம் போடும் கதை. (அந்தப் படத்து மன்னன் பெயர் மார்த்தாண்டன். திருவிதாங்கூர் ஆட்சியில் வாழ்ந்த நம் பக்கத்துக் காதுகளுக்கு அது எப்படி ஒலித்திருக்கும் என்று நினைத்து நான் பல முறை சிரித்ததுண்டு.) கொட்டகைகள் நிரம்பி வழிந்தன. உழைப்பவன் காசு கொடுத்தது எதைப் பார்க்க? தன்னைப் போன்ற ஒருவன் அந்த நாற்காலியில் உட்காருவதைப் பார்க்க! அந்தக் கைக்குப் 'பொன்னியின் செல்வன்' கிடைத்திருந்தால் பூக்காரன் தலையிலிருந்து முடியை எடுத்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறதா, இல்லையா?

பிறகு கமலகாசனும் முயன்றார். மேடையில் 1999-இல் மேஜிக் லாந்தர் குழுவினர் நாடகமாக்கிக் காட்டினர். அதற்கு எழுத்துவடிவம் தந்த இளங்கோ குமரவேல், மணிரத்தினம், நம் நாகர்கோவிலில் வாழும் ஜெயமோகன் ஆகிய மூவரும் சேர்ந்து திரைக்கதை அமைக்க, 2022 செப்டம்பர் 30 அன்று முதல் பாகமும், 2023 ஏப்ரல் 28 அன்று இரண்டாம் பாகமும் வந்தன. வசனம் ஜெயமோகன்.

நல்லதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. கடலைப் படம்பிடித்த விதம் கடலோடிகளே மெச்சும்படி இருந்தது. தேசிய விருதுகள் தகுதியால் வந்தவையே. புத்தகமே தொடாத பிள்ளைகள், படம் பார்த்த பிறகு ஐந்து பாகத்தையும் தேடி வாங்கியதை நானே கண்டேன். கல்கியின் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியதால் பதிப்புகள் பெருகி, நாள்கூலிக்காரனும் வாங்கும் விலைக்குக் கிடைக்கின்றன என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

சரி, கத்திரிக்கு வருவோம். இரண்டாயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட கதையை ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும். வெட்டாமல் முடியாது. கடம்பூர் மணிமேகலையையே காணோம். வெட்டியதற்காக நான் வழக்குத் தொடுக்கவில்லை. யார் கழுத்தில் கத்தி விழுந்தது என்பதே என் கேள்வி. பழுவேட்டரையர் குறைந்தாரா? பட்டத்து இளவரசர் குறைந்தாரா? கோட்டைக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டார்கள். கோட்டைக்கு வெளியே இருந்தவர்களின் முடிவுதான் போயிற்று.

"வரலாறு அப்படித்தானே இருக்கிறது? உத்தம சோழன் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகன், பூக்காரன் கதையெல்லாம் கல்கியின் கற்பனை" என்று ஒரு நண்பர் வாதாடினார். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் நந்தினி எந்தக் கல்வெட்டில் இருக்கிறாள் ஐயா? ஆழ்வார்க்கடியான் எந்தச் செப்பேட்டில் இருக்கிறான்? அவர்களும் கற்பனைதானே! நந்தினிக்குக் கிடைத்த மன்னிப்பு சேந்தன் அமுதனுக்கு ஏன் கிடைக்கவில்லை? வரலாற்றின் பெயரால் வெட்டுவதென்றால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டாமா?

இன்னொரு நண்பர் சொன்னதில் கொஞ்சம் ஞாயம் உண்டு. குழந்தை மாறிய கதையைப் படிப்பவன் நம்புவான், பார்ப்பவன் நம்பமாட்டான் என்றார். எழுத்தில் மெல்ல மெல்ல அவிழும் முடிச்சு திரையில் அவசரமாக அவிழ்ந்தால் கொட்டகையில் சிரிப்பொலி கேட்கும் என்பது உண்மைதான். கடினம் என்பதை ஏற்கிறேன். கடினமான வேறு பலவற்றுக்குக் கோடி கோடியாகச் செலவழித்தவர்கள், இதற்கும் கொஞ்சம் மூளையைச் செலவழித்திருக்கலாம் என்கிறேன்.

இந்த நோய் நம் நாட்டோடு நிற்கவில்லை. கல்கியின் தொடர்கதை முடிந்த அதே 1954-இல், இங்கிலாந்தில் டோல்கீன் என்னும் பேராசிரியர் எழுதிய மாயக்கதையின் முதல் பாகம் வெளிவந்தது. மோதிரம் ஒன்றை அழிக்கச் செல்லும் சிற்றுருவ மக்களின் கதை. மூன்று பாகம். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் உயிராய் நேசித்த நூல். பீட்டர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை அதை மூன்று படங்களாக எடுத்தார். பதினொரு ஆஸ்கார் பரிசுகளைக் கடைசிப் படம் மட்டும் அள்ளியது. ஆனால் அந்த நூலின் முடிவில் ஓர் அத்தியாயம் உண்டு. போர் முடிந்து ஊர் திரும்பும் நால்வர், தம் சிற்றூரையே கொடுங்கோலர் சிலர் பிடித்துவைத்து, மரங்களை வெட்டி, விளைச்சலைப் பறித்து ஆட்டிப்படைப்பதைக் காண்கிறார்கள். அங்கே மந்திரவாதியும் உதவிக்கு வரவில்லை, மன்னனும் வரவில்லை. உழவரும் தோட்டக்காரரும் தாமே கம்பும் கோடரியும் எடுத்து ஊரை மீட்கிறார்கள். படத்தில் அந்த எழுச்சி இல்லை! ஊர் அப்படியே பச்சைப்பசேலென்று காத்திருக்கிறது. மன்னனின் முடிசூட்டு விழா மட்டும் கோலாகலமாக இருக்கிறது. கடல் கடந்த நாட்டிலும் கத்தி எங்கே விழுந்தது என்று பார்த்தீர்களா?

கல்கியின் கணக்கையும் பார்த்துவிடுவோம். வாசகனுக்கு மறைப்பது எனக்குப் பிடிக்காது. பூக்காரன் அரியணை ஏறியது எப்படி? அவன் உண்மையில் அரசகுலத்துப் பிள்ளை என்று தெரிந்த பிறகுதான்! அசல் பூக்காரன் மகனுக்கு முடி கொடுக்கக் கல்கிக்கும் மனம் துணியவில்லை. பிறப்பு என்னும் சீட்டைக் காட்டிய பிறகே கதவு திறந்தது. 'நாடோடி மன்னன்' வீராங்கனுக்கு அந்தச் சீட்டுத் தேவைப்படவில்லை. ஆனால் பூங்குழலிக்கு? அவளிடம் எந்தச் சீட்டும் இல்லை. துடுப்புப் பிடித்துக் காய்த்த கையோடு அரண்மனைக்குள் போகிறாள். மண்டைக்காட்டுப் பெரியவர் சேந்தன் அமுதனைக் கேட்கவில்லை, ஓடக்காரியைத்தான் கேட்டார்.

இனியும் யாராவது இந்தக் கதையை எடுப்பார்கள். இப்போது தொடர்படம் என்ற முறை வந்துவிட்டது. ஐந்து பாகத்தையும் நாற்பது, ஐம்பது மணி நேரம் காட்டலாம். நேரமில்லை என்ற சாக்குக்கு அங்கே இடமில்லை. எடுக்க வருகிறவர் யாராயினும், கோடிக்கரைக்குப் போய் ஒரு வாரம் படகுக்காரர்களோடு இருந்துவிட்டு எழுத உட்காரட்டும். கோடிக்கரை தொலைவென்றால் இங்கே மண்டைக்காட்டுப் புதூருக்கு வரட்டும். மாசிக்கொடை நாளில் வேண்டாம்; அப்போது ஊரில் கால்வைக்க இடமிராது.

கடல் சீறிக் கிடந்த ஆனி மாதத்தில் எங்கள் படிப்பகத்துக்கு ஐந்து பாகமும் வாங்கினோம். ஐ.டி.ஐ. படிக்கும் பையன் ஒருவன் மாலையில் உரக்கப் படிக்கிறான். வலை பின்னிக்கொண்டே ஏழெட்டுப் பேர் கேட்கிறார்கள். பெரியவர் முதல் ஆளாக வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். போன கிழமை ஐந்தாம் பாகம் தொடங்கிற்று. பூங்குழலி வரும் இடமெல்லாம் பையனை நிறுத்தி இரண்டாம் முறை படிக்கச் சொல்லுகிறார். துடுப்புப் பிடிக்கும் விதத்தைக் கல்கி ஓரிடத்தில் தப்பாக எழுதிவிட்டார் என்று ஒரு சண்டையும் நடந்தது.