செக்கும் சாராயமும்: ‘கரைப்பான் இல்லாதது’ என்னும் மயக்கம்

தஞ்சைத் தெருக்களில் அண்மைக் காலத்தில் செக்கெண்ணெய்க் கடைகள் பெருகிவிட்டன. ‘மரச்செக்கில் ஆட்டியது, ரசாயனம் கலவாதது’ என்ற பலகையின் கீழ் நின்று நாமும் நல்லெண்ணெய் வாங்கிவருகிறோம். எனவே இக்கட்டுரை செக்குக்கு எதிரானது என எவரும் கருத வேண்டா. அந்தப் பலகையின் வாசகம் பலகையை விட்டு இறங்கி, அதற்குத் தொடர்பே இல்லாத பிறிதொரு பொருளுக்கு நற்சான்று வழங்கத் தொடங்கியிருக்கிறது. நமது வழக்கு அதனோடுதான்.

வகுப்பு முடிந்த ஒரு பிற்பகல். கஞ்சா பற்றி மாணவர் சிலரிடையே பேச்சு எழுந்தது. பயன்படுத்துகிறவர் யார், வெறுமனே படித்துவிட்டுப் பேசுகிறவர் யார் என்று நாம் விசாரிக்கவில்லை. ஒருவர் மட்டும் தெளிவாகச் சொன்னார்: “பியூட்டேன் ஊற்றி எடுக்கிறதுதான் ஐயா கெடுதி. கையால் தேய்த்து எடுக்கிற பிசினில் கெமிக்கலே கிடையாது. நம்ம செக்கெண்ணெய் மாதிரி.” மற்றவர் தலையசைத்தனர். அன்று நாம் சொன்ன விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. நிறைவான விடையை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

முதலில் வழக்கின் பொருள். கஞ்சாப் பூவின்மேல் நுண்மயிர் போல் அரும்பும் சுரப்பிகளில்தான் போதை தரும் பிசின் உள்ளது. அதைச் செடியிலிருந்து பிரிப்பதில் இரு வழிகள். கையால் தேய்த்தல், சலித்தல், பனிநீரில் அலசுதல், சூட்டில் அழுத்துதல் ஆகியவை கரைப்பான் இல்லாத வழி. இமாசலத்தின் மலாணா ஊர் சரஸ் இவ்வகை. பியூட்டேன், புரொப்பேன், எத்தனால் முதலியவற்றில் கரைத்து, பிறகு கரைப்பானை ஆவியாக்கிவிடுவது மற்றது. இவற்றை விற்பது சட்டப்படி செல்லுகின்ற அமெரிக்க, கனடியச் சந்தைகளில் முதல் வகைக்கு விலை மிகுதி. ‘கரைப்பான் இல்லாதது’ என்பது அங்கே ஒரு விலைச்சீட்டு. கடல் கடந்து வரும்போது அந்த விலைச்சீட்டு அறச்சீட்டாக மாறிவிட்டது.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. பியூட்டேன் எளிதில் தீப்பற்றும் வாயு. அதை வீட்டு அறைகளில் கையாண்டு வெடித்து வெந்தவர்கள் மேலை நாடுகளில் பலர். அரைகுறையாக நீக்கிய கரைப்பான் பொருளிலேயே தங்கிவிடுவதும் உண்மை. இந்த இரண்டு கேடுகளும் கையால் தேய்த்த பிசினில் இல்லை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டு கேடு இல்லாத பொருள் கேடே இல்லாத பொருள் ஆகிவிடுமா? நம் மாணவர் செய்த பிழை இந்த ஒரு தாவலில் இருக்கிறது.

அவர் செக்கைச் சான்றுக்கு அழைத்தார். செக்கையே விசாரிப்போம். எள்ளின் நெய் எண்ணெய். சம்பா, தாளடி அறுவடைக்குப் பின் நம் வயல்களில் விளையும் எள் செக்குக்கு இணங்கிய வித்து. அழுத்தினால் எண்ணெய் தானே கசியும். அப்போதும் பிண்ணாக்கில் நூற்றுக்குப் 10 பங்குக்கு மேல் எண்ணெய் தங்கிவிடும். ஹெக்சேன் ஊற்றும் ஆலையிலோ 1 பங்குகூடத் தங்காது. இனித் தவிட்டுக்கு வருவோம். டெல்டாவின் நெல்லிலிருந்து மலைமலையாய் வரும் தவிட்டில் எண்ணெய் சுமார் 15 முதல் 20 விழுக்காடு. செக்கிலிட்டால் அந்தப் பொடி பயன்தராது. அரைத்த கணத்திலிருந்து அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கவும் தொடங்கிவிடும். 1967-இல் திருவாரூரில் தொடங்கிப் பின்னர் தஞ்சைக்குப் பெயர்ந்த நெல் பதன ஆய்வு நிலையம் இந்தத் தவிட்டைக் கெடாமல் காக்கும் வழிகளை ஆராய்ந்தது. இன்று கடைகளில் விற்கும் தவிட்டெண்ணெய் பெரும்பாலும் ஹெக்சேனால் எடுத்ததே. கரைப்பானால் எடுத்த எண்ணெயைச் சுத்திகரிக்காமல் உண்ணுவதற்கு விற்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. சுத்திகரித்த பின்னும் ஹெக்சேன் எச்சம் பத்து லட்சத்தில் 5 பங்கைத் தாண்டக் கூடாது.

மறுபுறம் பாருங்கள். பூசணம் பிடித்த நிலக்கடலையில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. அக்கடலையைச் செக்கில் ஆட்டினால் நஞ்சின் ஒரு பகுதி எண்ணெயோடு வந்துவிடும். அதை நீக்கும் சுத்திகரிப்புப் படி செக்கில் இல்லை. ஆகவே பட்டுக்கோட்டைப் பக்கத்து நல்ல கடலையை ஆட்டிய எண்ணெய் நல்லது. பூசணக் கடலையை அதே செக்கில் ஆட்டினால் கெட்டது. கருவி ஒன்றுதான். வித்து என்ன, யார் சோதித்தார், எவ்வளவு எஞ்சியது என்ற கேள்விகள்தாம் எண்ணெயின் தன்மையைத் தீர்மானிக்கின்றன. எண்ணெய்க்கே போதாத சான்று கஞ்சாவுக்கு எப்படிப் போதும்?

இன்னொரு வேறுபாடும் உண்டு. எண்ணெயை எப்படிப் பிரித்தாலும் அது எண்ணெய்தான். போதைப்பொருளில் செறிவே பொருளை மாற்றிவிடும். இதை விளக்கத் தமிழில் இரு சொற்கள் போதும்: கள், சாராயம். கள்ளை இறக்குகிறோம், சாராயத்தைக் காய்ச்சுகிறோம். சாராயம் காய்ச்சுவதில் எந்தக் கரைப்பானும் இல்லை. பானை, அடுப்பு, தண்ணீர் போதும். ‘கரைப்பான் இல்லாதது’ என்ற முத்திரையை அதற்குத் தாராளமாகக் குத்தலாம். ஆயினும் கள்ளும் சாராயமும் ஒன்றென்று எந்தக் குடிகாரரும் சொல்லார். அவர் அறிந்த உண்மையைப் படித்த பிள்ளைகள் அறியாமல் போனது எப்படி?

கணக்கும் இதையே காட்டுகிறது. போதை தரும் டி.எச்.சி. இன்றைய வளர்ப்புப் பூவில் நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு வரை இருக்கும். மேலைச் சந்தையின் செறிவுப்பொருள்களிலோ 60-ஐத் தாண்டி 80 வரையும், சிலவற்றில் அதற்கு மேலும் போகும். சூட்டில் அழுத்தி எடுத்த கரைப்பானில்லாப் பிசினும் இந்த வரிசையில்தான் நிற்கிறது. பூவில் தெளித்த பூச்சிமருந்தும் பிசினோடு சேர்ந்து செறியக்கூடும். கை தேய்ப்பதால் அது விலகிப் போவதில்லை.

இந்த விவாதத்தின் பழைய வேர் நம் நாட்டில்தான் உள்ளது என்பதும் நினைக்கத்தக்கது. 1839-இல் கல்கத்தாவில் வில்லியம் புரூக் ஓஷானஸி என்னும் மருத்துவர், கஞ்சாப் பிசினைச் சாராயத்தில் கரைத்துச் செய்த மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். மேலை மருத்துவத்துக்குக் கஞ்சா சென்ற வழி அது. ஆனால் அம்மருந்தின் வீரியம் புட்டிக்குப் புட்டி மாறியது. எந்தப் பொருள் வேலை செய்கிறது என்பதே தெரியாததால் அளவை நிலைநிறுத்த இயலவில்லை. 1964-இல் இஸ்ரேலில் காவோனி, மெக்கூலம் இருவரும் டி.எச்.சி.யைத் தனித்தெடுத்துக் காட்டிய பிறகே அளத்தல் கைகூடியது. மருத்துவர்களை நூறாண்டுக்கு மேல் வாட்டிய கேள்வி ‘எப்படி எடுத்தாய்’ என்பதன்று. ‘எவ்வளவு இருக்கிறது’ என்பது.

நம் ஊர்ச் சந்தில் கைமாறும் பொட்டலத்தை எவர் அளந்தார்? சோதனைச் சாலை இல்லை, சீட்டு இல்லை. ‘கையால் தேய்த்தது’ என்பது விற்பவனின் வாய்ச்சொல் மட்டுமே. 2019-இல் அமெரிக்காவில் புகைக்கருவி வழி கஞ்சா எண்ணெயை இழுத்தவர்களிடையே நுரையீரல் நோய் பரவியது. 2020 பிப்ரவரிக்குள் 2,800-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர், 68 பேர் இறந்தனர். ஆய்வாளர்கள் முதன்மையாகக் குற்றஞ்சாட்டியது கரைப்பானை அன்று. எண்ணெயில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்டை. தோலில் பூசும் களிம்புகளில் சேர்வது அது. தொலைவில் எதற்கு? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ‘கரைப்பான் உண்டா’ என்று மட்டும் கேட்பவர் இவ்விரு சாவுகளையும் முன்கூட்டிக் கண்டிருக்க மாட்டார்.

சட்டத்துக்கும் இந்த முத்திரை தெரியாது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், பிரித்தெடுத்த பிசினைக் கச்சாவாயினும் தூய்மையாக்கியதாயினும் சரஸ் என்றே அழைக்கிறது. ஹஷீஷ் எண்ணெயும் அதே வரையறைக்குள். கஞ்சாவுக்கு 1,000 கிராம் வரை ‘சிறிய அளவு’ என்றால், சரஸுக்கு 100 கிராம். கஞ்சாவுக்கு 20 கிலோ ‘வணிக அளவு’ என்றால், சரஸுக்கு 1 கிலோ. வணிக அளவைத் தாண்டினால் சிறை குறைந்தது 10 ஆண்டு. இலங்கைக்குக் கடத்தவிருந்த கஞ்சா நாகை, வேதாரண்யம் கடற்கரைகளில் பிடிபடும் செய்தி அடிக்கடி வரும் மாவட்டங்கள் நம்முடையவை. ‘இயற்கையானது, ஆகவே சிறு குற்றம்’ என்று நம்பிப் பையில் வைத்திருக்கும் பிள்ளையை, சட்டம் பத்து மடங்கு கடுமையான தராசில் நிறுக்கும். அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

மரபின் பெயரால் வாதிடுவோர்க்கும் ஒரு சொல். சித்த மருத்துவத்தில் கஞ்சாவுக்கு இடம் உண்டு. ஆனால் அம்மரபு இயற்கை என்பதற்காக எதையும் நம்பி விழுங்கியதில்லை. சுத்தி செய்தல் என்ற படியைக் கடந்தே சரக்கு மருந்தாகும். அளவும் பத்தியமும் அதனோடு வரும். 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தில் சித்த மருத்துவத்துக்கான நச்சுச் சரக்குப் பட்டியலிலும் கஞ்சா இருக்கிறது. மரபை அழைக்கிறவர் அதன் எச்சரிக்கையையும் சேர்த்து அழைக்கட்டும்.

‘அப்படியானால் நீங்கள் தடைக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா?’ என்று கேட்கலாம். இல்லை. தடை வேண்டுமா, தளர்வு வேண்டுமா என்பது நேர்மையாகப் பேசத்தக்க கேள்வி. 1893-இல் அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டு, பாங்கு, கஞ்சா, சரஸ் மூன்றையும் பிரித்துப் பார்த்தது. மிதமான பழக்கத்தையும் மிகையான பழக்கத்தையும் வேறுபடுத்தி 1894-இல் அறிக்கை தந்தது. தளர்வு வேண்டுவோர் அந்த அளவுக்காவது செறிவையும் அளவையும் வைத்து வாதிடட்டும். தயாரிப்பு முறையின் பெயரைக் காட்டி வாதத்தை முடித்துவிடலாம் என எண்ண வேண்டா.

எள் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்பார் நம் ஊர்ப் பெரியோர். அயல்நாட்டு வணிகர் விலைக்காக வெயிலில் நிற்கிறார். சொல்லுக்காக நம் பிள்ளைகள் ஏன் காய வேண்டும்?

தமிழாசிரியர்களாகிய நம் கடன் இங்கேதான் இருக்கிறது. ‘தூய’, ‘இயற்கை’, ‘கலப்பில்லாத’ என்ற அடைகளை நாம்தான் கற்பிக்கிறோம். ஓர் அடை எந்தப் பெயரைத் தழுவி நிற்கிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்கவும் நாமே கற்பிக்க வேண்டும். அந்த மாணவர் இப்பருவம் முடியும்வரை நம் வகுப்பில்தான் அமர்ந்திருப்பார். திங்களன்று அவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்பதாக இருக்கிறோம்: “தம்பி, சாராயத்தில் என்ன கரைப்பான் இருக்கிறது?”