இரைச்சலை மறைக்காதீர்கள்



பள்ளி அறிவியல் கண்காட்சிகளில், சுவரைக் கண்டால் தானே நிற்கும் சிறு வண்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் திரையில் 72.46 செ.மீ. என்று எண் ஒளிரும். அடுத்த நொடி 74.10, பிறகு 71.83. உடனே, 100 அளவீடுகளின் சராசரியைக் காட்டுமாறு நிரலை மாற்றிவிடுவார்கள். எண் அசையாமல் நிற்கும். துல்லியம் கிடைத்துவிட்டது என்று மகிழ்வோம். அந்த மகிழ்ச்சி அவசரமானது என்பதே என் கருத்து.

எண் ஏன் துள்ளுகிறது? அகச்சிவப்பு உணரி தொலைவை மின்னழுத்தமாகத் தருகிறது. 10 முதல் 80 செ.மீ. வரை அளக்கும் உணரி ஒன்று 80 செ.மீ. தொலைவில் தருவது ஏறத்தாழ 0.4 வோல்ட்டே. அந்த எல்லையில் தொலைவு 1 செ.மீ. மாறினால், மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்டே மாறும். ஆர்டுயினோ யூனோ பலகையோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படியே சுமார் 4.9 மில்லிவோல்ட். அப்படியானால் 72.46 என்பதிலுள்ள தசம இலக்கங்களுக்குப் பொருள் ஏது? போதாக்குறைக்கு, அதே மின்கலத்தில் ஓடும் மோட்டாரும் இரைச்சலைச் சேர்க்கிறது.

இதற்கு முதல் மருந்து நிரலில் இல்லை, கம்பியில் இருக்கிறது. மோட்டாருக்குத் தனி மின்கலம் வையுங்கள். உணரியின் மின்முனைகளுக்கு அருகிலேயே ஒரு மின்தேக்கியை இணையுங்கள். நீண்ட இணைப்புக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்குங்கள்; அடுத்தடுத்த முறுக்குகளில் தூண்டப்படும் மின்னழுத்தங்கள் ஒன்றையொன்று நீக்கும். தொழிற்சாலைகளில் சிக்னலை 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக அனுப்புவதும் இதற்காகத்தான். கம்பி நீண்டு மின்தடை கூடினாலும் அந்த மின்னோட்டம் மாறுவதில்லை. கம்பி அறுந்தாலோ அது சுழியாகிப் பழுதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சராசரி வேண்டவே வேண்டாமா? வேண்டும். இருபுறமும் சிதறும் ஒழுங்கற்ற பிழையை அது குறைக்கும். 16 அளவீடுகளின் சராசரியில் சிதறல் நான்கில் ஒன்றாகும். 100 எடுத்தால் பத்தில் ஒன்றாகும். ஆனால் அதற்கு விலை உண்டு. ஓர் அளவீட்டுக்கு 60 மில்லிவினாடி என்றால், 100 அளவீட்டுக்கு 6 வினாடி. அதற்குள் வண்டி சுவரில் மோதியிருக்கும்!

மேலும், ஒரே பக்கமாக விலகும் முறையான பிழையைச் சராசரி தொடுவதே இல்லை. எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவு காணும் மீயொலி உணரியை எடுத்துக்கொள்வோம். ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர் என்று நிரலில் எழுதுகிறோம். அது 20 டிகிரி செல்சியஸில் உள்ள வேகம். 35 டிகிரியில் அது சுமார் 352 மீட்டர். எனவே 2 மீட்டரில் உள்ள சுவரை உணரி 1.95 மீட்டர் என்று சொல்லும். ஆயிரம் முறை அளந்தாலும் அந்த 5 செ.மீ. பிழை நீங்காது. ஒரு வெப்பமானி அதை நீக்கிவிடும்.

அசையாத எண் வேறு. சரியான எண் வேறு. கண்காட்சி நடுவர்கள், "எவ்வளவு பிழை? எங்கிருந்து வருகிறது?" என்று கேட்க வேண்டும். நீங்களோ, அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஓர் அளவுநாடாவை எடுத்து, உங்கள் உணரியை இன்றே சோதியுங்கள். பிறகு, '72 ± 2 செ.மீ.' என்று துணிந்து எழுதுங்கள். இரண்டு தசம இலக்கங்களைவிட அந்த ± குறியில்தான் அறிவியல் அதிகம் இருக்கிறது.