எட்டு போடத் தெரியுமா?

நீண்ட பதிவு. நேரமில்லாதவர்கள் கடந்து போகலாம். ஆனால் பைக் வாங்கப் போகிற பிள்ளைகளும், வாங்கிக் கொடுக்கப் போகிற அப்பாக்களும் தயவுசெய்து முழுவதும் படிக்கவும். அப்புறம் திட்டுவதென்றால் கமெண்ட்டில் திட்டலாம்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்தது. என் தம்பி பேரன் பிளஸ் டூவில் நல்ல மார்க். "கேட்டதை வாங்கித் தரேன்னு வாக்கு குடுத்துட்டேன் பெரியப்பா" என்று அவன் அப்பா எழுதியிருந்தான். பையன் கேட்டது 390 சிசி வண்டி. அதற்குக் கீழே நாற்பது கட்டைவிரல், பத்துப் பன்னிரண்டு கைதட்டல். நான் ஒரே ஒரு வார்த்தை போட்டேன்: வேண்டாம். உடனே ஆரம்பித்துவிட்டார்கள். பெரியப்பா அந்தக் காலத்து மனுஷன், பயந்த சுபாவம், எல்லாவற்றையும் இயற்பியல் வகுப்பாக்கிவிடுவார். கடைசிக் குற்றச்சாட்டு மட்டும் உண்மை.

எனக்கு 71 வயது. ஞாயிற்றுக்கிழமை தோறும் இன்னும் வண்டி ஓட்டுகிறேன். எந்த மாதிரி வண்டி என்பதைக் கீழே சொல்கிறேன். எனவே நான் வண்டிக்கு எதிரி இல்லை.

செங்கல்பட்டில் 33 வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன். பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் போன கணக்கு மறந்துவிட்டது. இன்னொரு கணக்கு மறக்கவில்லை. ஒன்பது வீடுகளுக்கு மாலையோடு போயிருக்கிறேன். ஒன்பதும் பைக். மூத்தவனுக்கு 24 வயது. அந்த வீடுகளில் எல்லாம் வாசலில் நின்ற நண்பர்கள் என்னிடம் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "சூப்பரா ஓட்டுவான் சார்."

இந்தப் பதிவே அந்த வாக்கியத்தோடு சண்டை போடத்தான்.

சூப்பராக ஓட்டுவான் என்றால் என்ன அர்த்தம்? ஈசிஆரில் கோவளம் தாண்டியதும் ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்குவான் என்று அர்த்தம். அதற்கு மணிக்கட்டு போதும். என் பழைய மாணவர்களுக்கு நினைவிருக்கும், சைக்கிள் சக்கரத்தைக் கையில் பிடித்துச் சுழற்றி, இப்போது சாய்த்துப் பார் என்று கொடுப்பேன். சாயாது, முரண்டு பிடிக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி பெரும்பாலும் தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்கிறது. சக்கரத்தின் சுழற்சியும் முன் ஃபோர்க்கின் சாய்வும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. மேலே உட்கார்ந்திருக்கிற பையன் அதைத் தன் திறமை என்று நினைத்துக்கொள்கிறான். அதே வண்டியை நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டு காலும் தரைக்கு வந்துவிடும். வண்டி கைவிட்டதும் இவனிடம் ஒன்றும் இல்லை என்பது அங்கேதான் தெரிகிறது.

இன்னொரு கணக்கு. 40-இல் போகிறவன் ஆபத்தைப் பார்த்து, ஒரு நொடியில் பிரேக்கைப் பிடித்து, நல்ல தார் ரோட்டில் நிற்க ஏறக்குறைய 20 மீட்டர் வேண்டும். 80-இல் போகிறவனுக்கு 40 மீட்டர் என்றுதான் வகுப்பில் பாதிப் பேர் சொல்வார்கள். கிட்டத்தட்ட 58 மீட்டர். 100-இல் 84 மீட்டர். வேகத்தின் வர்க்கம், பிள்ளைகளா. பரீட்சையில் எழுதினீர்கள், ரோட்டில் மறந்துவிட்டீர்கள். அதுவும் இது மணல் இல்லாத ரோட்டுக்கு. வடநெம்மேலியிலிருந்து பட்டிபுலம், தேவனேரி வரை காற்று அடிக்கிற நாளில் தார் மேல் மெல்லிசாக மணல் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. முன் பிரேக்குக்குத் தெரியும்.

சரி, அரசாங்கம் சோதித்துத்தானே லைசென்ஸ் தருகிறது என்பீர்கள். எட்டு போடச் சொல்கிறார்கள். அந்த எட்டை எல்லோரும் கிண்டல் செய்கிறோம். என்னைக் கேட்டால் மொத்த லைசென்ஸ் நடைமுறையிலும் அறிவுள்ள பகுதி அது ஒன்றுதான். கால் ஊன்றாமல், மெதுவாக, இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டு என்கிறது. அதைத்தான் நாம் புரோக்கரிடம் காசு கொடுத்துத் தாண்டிவிடுகிறோம். என் உறவினர் ஒருவர், பெயர் வேண்டாம், "எட்டே போடாம வாங்கிட்டேன் மாமா" என்று பெருமையாகச் சொன்னார். அவர் இரண்டு பிள்ளைகளை முன்னும் பின்னும் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்.

அந்த எட்டை எடுத்து, பாறையிலும் ஓடையிலும் மரவேரிலும் வரைந்தால் அதற்கு ட்ரையல்ஸ் என்று பெயர். இது பந்தயம்தான், ஆனால் யார் முந்தினார் என்று பார்ப்பதில்லை. நாடா கட்டிய சின்னச் சின்னப் பகுதிகள். ஒவ்வொன்றிலும் ஒரு நடுவர் நின்று உங்கள் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை கால் ஊன்றினால் 1, இரண்டு தடவைக்கு 2, அதற்கு மேல் எத்தனை தடவை என்றாலும் 3. விழுந்தாலோ நாடாவைத் தாண்டினாலோ 5. கடைசியில் குறைந்த மதிப்பெண் எடுத்தவர் முதல் பரிசு. (என்னிடம் ஒற்றை இலக்கத்தில் மார்க் வாங்கியவர்கள் இதைப் படித்துச் சந்தோஷப்படலாம்.) ஸ்பெயின்காரர் டோனி போ இதில் முப்பதுக்கும் மேற்பட்ட உலகப் பட்டங்கள் வைத்திருக்கிறார். அவர் வண்டி 70 கிலோ அளவுதான். உட்கார சீட்டே கிடையாது, நின்றபடியேதான் ஓட்ட வேண்டும். டயரில் காற்று 5 பவுண்டு போலத்தான் இருக்கும், பாறையைக் கையால் பிடிப்பது போலப் பிடித்துக்கொள்ளும். சரிவான பாறை மேல் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வண்டியை அசையாமல் நிறுத்திக் காட்டுவார். மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டை நிற்கிறதே, அந்த மாதிரி.

இது வெள்ளைக்காரன் விளையாட்டு சார், நமக்கு எதற்கு என்று ஒரு மாணவன் கேட்டான். தம்பி, திருக்கழுக்குன்றம் பக்கம் விடியற்காலையில் போய்ப் பார். டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, ஒரு முழம்கூட அகலமில்லாத ஈர வரப்பில் பால்காரர் வருவார். இரண்டு பக்கமும் நடவு. கால் ஊன்ற இடமில்லை, ஊன்றினால் பால் போச்சு. சதுரங்கப்பட்டினம் பக்கம் ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு மணலில் ஏறி வருகிற மீன்காரரைப் பார். அவர்களை யாரும் "சூப்பரா ஓட்டுவான்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. சத்தம் வராத திறமைக்கு நம் ஊரில் மரியாதை கிடையாது. சைலன்சரை மாற்றி வெடிச் சத்தம் போடுகிறவனுக்குத்தான் ஊரே திரும்பிப் பார்க்கிறது, யூடியூபில் லட்சம் பேர் பார்க்கிறார்கள்.

வண்டிக் கம்பெனிகளையும் சும்மா விடுவதற்கில்லை. புல்லட்டின் பரம்பரையே ட்ரையல்ஸ் மேட்டில் வளர்ந்தது. பின்பக்கம் ஸ்பிரிங் வைத்த புல்லட்டை 1948-இல் இத்தாலியில் நடந்த ஆறு நாள் போட்டியில்தான் சோதித்துத் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். ஜானி பிரிட்டன் என்பவர் ராயல் என்ஃபீல்டில் ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரையல்ஸை 1952-லும் 1957-லும் ஜெயித்தார். அந்த புல்லட் 1955 முதல் நம் மெட்ராஸில்தான் உருவானது. இன்று திருவொற்றியூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று நம் வாசலிலேயே தொழிற்சாலைகள். இத்தனை பெருமை இருந்தும் 2019-இல் "புல்லட் ட்ரையல்ஸ்" என்று ஒன்றை விட்டார்கள். சிவப்பு சட்டம், பச்சை சட்டம், தூக்கி வைத்த சைலன்சர், ஒற்றை சீட்டு. விலை 350-க்கு 1.62 லட்சம், 500-க்கு 2.07 லட்சம். எடை 190 கிலோவை ஒட்டி. ட்ரையல்ஸ் பாறையில் அதைத் தூக்கி நிமிர்த்த இரண்டு ஆள் வேண்டும். அடுத்த வருஷமே பிஎஸ் 6 வந்தது, வண்டி போனது. பார்க்க அழகுதான், நானே ஷோரூமில் தடவிப் பார்த்தேன். ஆனால் பெயரை விற்ற அளவுக்கு அந்த விளையாட்டை யாரும் சொல்லித் தரவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் வேகத்துக்கு 1990 முதல் நல்ல பந்தயத் தடம் இருக்கிறது. 2024-இல் சென்னை நகர வீதியிலேயே கார் பந்தயம் ஓட்டினார்கள். மெதுவாக ஓட்டிப் பழக ஒரு ஏக்கர் கல்லுத் தரை மாவட்டத்துக்கு ஒன்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

இப்போது என் வண்டி. பழைய ஹீரோ ஹோண்டா சிடி 100. 12,000 ரூபாய்க்கு வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்துவிட்டு, இன்னொரு 9,000 செலவழித்தேன். ஹெட்லைட், சைடு பாக்ஸ், பெரிய சீட்டு எல்லாம் கழற்றியாயிற்று. பின் ஸ்ப்ராக்கெட்டில் பல் கூட்டினேன், முதல் கியரில் ஆமை போல ஊரும். இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தப்பு. எனவே குட்டி யானையில் ஏற்றி ஒரு மாணவனின் கரம்பு நிலத்துக்குக் கொண்டுபோகிறேன். கடற்கரைக்கு ஒருபோதும் இல்லை. ஜனவரியிலிருந்து பங்குனி ஆமை முட்டையிடும் மணல் அது. கைவிட்ட கல் குவாரிக்கும் கூடாது.

சாதாரணமாக 25, 30 காற்று வைக்கிற டயரில் முதல் நாள் 8 வைத்தேன். ரிம்முக்குள் டயர் நழுவி, டியூப் வால்வை வேரோடு பிடுங்கிவிட்டது. அப்புறம்தான் டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கிற பூட்டு போட வேண்டும் என்று புரிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் திரும்பி வந்ததும் இரண்டு மணி நேரம் வேலை. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும். பிரேக் டிரம்மைத் திறந்து சேறு துடைக்க வேண்டும். கிளட்ச் கேபிளில் எண்ணெய் விட வேண்டும், ட்ரையல்ஸில் உயிரே அந்த ஒரு விரலில்தான் இருக்கிறது. ஸ்போக்ஸ் கம்பியை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுவேன். இறுக்கமானது கணீர் என்னும், தளர்ந்தது மொத்தையாகப் பேசும். வீல் பெண்டு எடுக்க இந்த வயதில் கற்றுக்கொண்டேன், என் மெக்கானிக் எட்டாம் வகுப்பில் என்னிடம் அடி வாங்கியவர். இப்போது அவர் முறை.

தன் கையால் ஒரு பிரேக் டிரம்மைத் திறந்து பார்த்தவன், அந்தச் சின்ன லைனிங் துண்டை நம்பி 120-இல் போக யோசிப்பான். பாறையில் 5 கிலோமீட்டர் வேகத்தில் முன் சக்கரம் வழுக்குவதை நூறு தடவை உணர்ந்தவனுக்கு, பட்டிபுலம் மணலில் அது வழுக்க ஆரம்பிக்கும் அந்தக் கணம் புதுசாக இருக்காது. 100-இல் பிரேக் பிடிக்க ட்ரையல்ஸ் கற்றுத் தராது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வேறு பயிற்சி வேண்டும். எலும்பு முறிவும் உண்டு, போன வருஷம் என் சுண்டு விரல். ஆனால் மாலை வாங்க வேண்டியதில்லை.

இப்போது என் தம்பி மகனுக்கு. உன் பையனுக்கு 18 முடிய இன்னும் நான்கு மாசம் இருக்கிறது. அதற்குள் அந்த வண்டியை அவன் ரோட்டில் எடுத்துப் பிடிபட்டால் 199ஏ பிரிவில் உனக்கு 25,000 அபராதம், மூன்று வருஷம் வரை சிறை. வண்டியின் பதிவு ஒரு வருஷம் ரத்து. அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதை நாற்பது கட்டைவிரலில் ஒன்றாவது உனக்குச் சொன்னதா?

வாக்கை மீற வேண்டாம். தள்ளி வை. நான்கு மாசம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை என்னிடம் அனுப்பு. என் சிடி 100-இல், கல்லுத் தரையில், பத்து எட்டு தொடர்ந்து கால் ஊன்றாமல் போட்டுக் காட்டட்டும். காட்டினால் அவன் முதல் வண்டிக்கு இந்தப் பெரிய தாத்தா 20,000 ரூபாய் தருகிறேன். என்ன சிசி என்று அப்போது அவனே சொல்லட்டும், நான் வாய் திறக்க மாட்டேன்.

காலை ஐந்தரைக்கு குட்டி யானை கிளம்பிவிடும். ஹெல்மெட், கணுக்கால் மூடுகிற ஷூ, பிரேக் துடைக்க இரண்டு பழைய பனியன் கொடுத்து அனுப்பு. டிபன் உங்கள் பெரியம்மா பார்த்துக்கொள்வாள்.